உடைத்துப் பார்த்தவள்

என் மனைவிக்குச் சைக்கிளை உடைப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெறும்வரை அந்த ஒரே வேலையைத்தான் செய்தாள். கல்யாணமான புதிதில் யாராவது, "வீட்டில என்ன வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டால் நான் உள்ளதைச் சொல்வேன். கேட்டவர் சிரித்துவிட்டு, "அது சரி, நிஜமா என்ன வேலை?" என்று மறுபடி கேட்பார்.

இருவரும் ஒரே சைக்கிள் தொழிற்சாலையில் இருந்தோம். நான் பற்றவைப்புக் கூடத்தில் குழாய்களை ஒட்டி ஃபிரேம் ஆக்குகிறவன். அவள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் சோதனை அறையில் இருந்தாள். நாங்கள் ஒட்டி அனுப்புகிற ஃபிரேம்களில் அங்கொன்று இங்கொன்றாக எடுத்து, எந்திரத்தில் மாட்டி, அது உடையும்வரை விடாமல் மிதிக்க வைப்பாள். உடைந்ததும் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்துச் சொல்வாள். கூடத்தில் அவளுக்கு எமகாதகி என்று பெயர். அவள் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் "என்ன?" என்று திரும்புவாள்.

அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. முதலில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தாள். வெளியே போகிற ஒவ்வொரு வண்டியின் மணியையும் ஒருமுறை அடித்துப் பார்ப்பது அங்கே அவள் வேலை. சோதனை அறையில் இருந்தவர், எந்திரத்தின் சத்தம் வீட்டுக்கும் கூடவே வருகிறது, தூங்கவிடுவதில்லை என்று சொல்லி வேலையை விட்டுப் போனார். வேறு யாரும் அங்கே போக முன்வரவில்லை. இவள் கையைத் தூக்கினாள். ஏன் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, "அந்த ரூமுக்கு மட்டும்தான் ஜன்னல் இருந்துச்சு" என்றாள்.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த அறை எனக்கு வந்துவிடும். சுவரோரம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள மேசை. நடுவில் எந்திரம். அதற்கு முழங்காலுக்குக் கீழே மட்டும் உள்ள மனிதனைப் போல இரண்டு இரும்புக் கால்கள். மாட்டிய ஃபிரேமின் பெடல்களை அவை வலது இடது என்று மாற்றி மாற்றி அமுக்கும். டக், டக், டக், டக். சாப்பாட்டு மணி அடித்தாலும் நிற்காது. குழாய் உடைந்தால் ஒரு விசை விழுந்து எந்திரம் தானாக நின்றுவிடும். அவளைத் தலைநிமிர வைப்பது அந்தத் திடீர் அமைதிதான். ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலையின் மதில். அதன்மேல் பெரும்பாலும் ஒரு பூனை, பழமொழியில் சொல்வது போலவே, எந்தப் பக்கம் குதிப்பது என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கும்.

அந்த அறைக்குள் நான் முதன்முதலாகப் போனது சண்டை போடுவதற்கு.

அப்போதெல்லாம் இரும்புக் குழாய்தான். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு கவசத்தைச் சொருகி, சிவக்கச் சூடாக்கி, பித்தளையை உருக்கி உள்ளே ஓடவிடுவோம். ஒவ்வொருவனுக்கும் ஓர் அடையாளக் குத்து உண்டு. யார் ஒட்டியது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒருநாள் சோதனை அறையிலிருந்து என் குத்து உள்ள ஃபிரேம் இரண்டு துண்டாகக் கூடத்துக்கு வந்தது. கூடவே, 'இதை ஒட்டியவர் வந்து பார்க்கவும்' என்று தகவல். கூடத்தில் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "போ, எமகாதகி ஓலை அனுப்பிட்டா" என்றார் மேஸ்திரி. எனக்கு உச்சந்தலை கொதித்தது. துண்டுகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன்.

"இதை உடைச்சது யாரு?"

"நான்தான். உட்காருங்க" என்றாள். ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

"நான் உட்கார வரலை. என் ஒட்டுல என்ன குத்தம் கண்டீங்கன்னு கேட்க வந்தேன்."

"குத்தமா? இதை உடைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. இந்த ரூம்ல இவ்வளவு நாள் ஓடினது வேற எதுவுமே இல்லை. கடைசியில பாருங்க, ஒட்டுல உடையலை. குழாய்தான் நடுவுல போயிருக்கு. யாருடா இந்த ஆளுன்னு பார்க்கலாம்னுதான் வரச் சொன்னேன்."

சண்டைக்கென்று தயாரித்து வந்த வசனமெல்லாம் வீணாயிற்று. "சரி, அப்போ நான் வரேன்" என்று துண்டுகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"அதை வெச்சிட்டுப் போங்க" என்றாள். "அது என்னுது."

அதற்கப்புறம் அந்தப் பக்கம் போக எனக்கு ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. காதலிக்கிறவன் பூக் கொண்டுபோவான். நான் ஃபிரேம் கொண்டுபோனேன். சாப்பாட்டு டப்பாவை அவள் மேசையிலேயே திறக்கும் அளவுக்கு வந்துவிட்டபிறகு, அவள் உயரத்துக்கு ஏற்ற வண்டி கடையில் கிடைப்பதில்லை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். வேலை முடிந்தபின் கூடத்திலேயே தங்கி, அவளுக்கென்று சின்ன அளவில் ஒரு ஃபிரேம் ஒட்டினேன். பச்சைப் பெயின்ட் அடித்து, அவள் வருவதற்கு முன்பே கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். என் பச்சை ஃபிரேம் எந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களுக்குன்னு பண்ணினேங்க அதை!"

"தெரியும். அதனாலதான் மாட்டினேன். நான் உட்காரப்போற வண்டி எங்க உடையும்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அது உடைந்தது, பின்சக்கரத்துக்குப் போகிற மெல்லிய குழாய் பெடல் அச்சோடு சேரும் இடத்தில். அங்கே கொஞ்சம் கனமான குழாயைப் போட்டு அதேபோல இன்னொன்று செய்யச் சொன்னாள். செய்தேன். அதை அவள் எந்திரத்தில் மாட்டவில்லை. சக்கரம் பூட்டி, ஏறி, முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என் முன்னால் வந்து காலை ஊன்றினாள்.

"வண்டியைப் பத்தித் தெரிஞ்சுபோச்சு. உங்களை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கட்டிக்கிட்டுத்தான் பார்க்கணும்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

கல்யாணத்துக்கு வந்த மேஸ்திரி, "இவன் ஒட்டுவான், அவ ஒடிப்பா. குடும்பம் விளங்கிடும்" என்று வாழ்த்தினார். குடும்பம் நன்றாகத்தான் விளங்கியது. ஒரு மகள் பிறந்தாள். மாடியில் இரண்டு அறை, கீழே மிதிவண்டி நிறுத்த ஓர் இடம். காலையில் இரண்டு வண்டியில் சேர்ந்து கிளம்புவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். பாலத்து ஏற்றத்தில் அவள் எப்போதும் எனக்கு முன்னால் போய்விடுவாள். உச்சியில் நின்று, மூச்சு வாங்கி வரும் என்னைப் பார்த்து மணியடிப்பாள். அந்த நாட்களில் எங்களுக்குக் கவலையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கு நினைக்கும்போது ஏனோ கவலைகள் ஞாபகம் வருவதில்லை. மணிதான் வருகிறது.

பிறகு அலுமினியம் வந்தது. கூடத்தில் பாதிப்பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும், ஆரஞ்சாகும், போதும் என்று நமக்குத் தெரியும். அலுமினியம் முகத்தில் எதையும் காட்டாது. அப்படியே வெள்ளையாக நிற்கும், அடுத்த நொடி பொத்தென்று உருகிக் கீழே விழும். முதல் மாதம் நான் ஒட்டியதைவிட ஓட்டை போட்டதே அதிகம். ஒட்டி முடித்தாலும் வேலை முடியாது. சூட்டில் குழாய் இளகிப் போயிருக்கும். ரொட்டி அடுப்பு போன்ற பெரிய அடுப்பில் மொத்த ஃபிரேமையும் வைத்து, தண்ணீரில் முக்கி, மறுபடி அடுப்பில் வைத்தால்தான் பழைய பலம் திரும்பும். கைதேர்ந்தவன் என்று பெயர் வாங்கிய நான், நேற்று சேர்ந்தவனைப்போல முழித்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது மட்டும் சொன்னாள்: "இரும்பு இருக்கு பாருங்க, அதுக்குத் தாங்கற அளவுக்குள்ள நீங்க என்ன பாரம் ஏத்தினாலும் மறந்துடும். அலுமினியம் எதையும் மறக்காது. சின்னப் பள்ளத்துல இறங்கினாக்கூட உள்ள எழுதி வெச்சுக்கும்."

"உன்னை மாதிரி" என்றேன்.

"ஆமா. அதான் சொல்றேன், பார்த்து நடந்துக்கோங்க."

அவளுக்கு ஒரு தம்பி. சின்ன உருவம், எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வந்துவிடுவான். அதனால் சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடுவோம். சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். நான் கை பழகியபின் ஒட்டிய அலுமினிய ஃபிரேம்களில் ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்தோம். அதைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தான். "மாமா, இது வண்டி இல்லை மாமா, காத்து!" என்றான். அவன் மனைவி, "பார்த்துங்க, பறந்துடப் போறீங்க" என்றாள்.

ஒரு வருஷம்போல ஓட்டியிருப்பான். ஒரு மழை விட்ட காலையில், பாலத்து இறக்கத்தில், அந்த ஃபிரேம் ஹேண்டில்பாருக்குச் சற்றுக் கீழே இரண்டாகப் போனது. முனகவில்லை, வளையவில்லை. சுண்டெலி முகம் குப்புற விழுந்தான். தாடை எலும்பு முறிந்தது, முன்பற்கள் மூன்று போயின. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். வாய் ஓயாத அந்தப் பையன் உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் பேசினான்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவன் மனைவி என்னிடம் கேட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, அது நீங்க ஒட்டினதுதானே?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? என் குத்து அதில் இருந்தது. ஒட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித்தான் உடைந்திருந்தது. சூட்டில் இளகிய இடம் சரியாகப் பலமேறாமல் இருந்திருந்தால் அங்கேதான் போகும். எனக்கே அது தெரியும். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனவன், பற்றவைப்பு டார்ச்சைக் கையில் எடுத்து அப்படியே திருப்பி வைத்துவிட்டு, மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

என் மனைவி நேரே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், காவல்காரரிடம் இருந்த இரண்டு துண்டுகளையும் வாங்கி, படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும். அங்கே உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

"இங்க வாங்க. பயப்படாம பாருங்க."

குழாய் உடைந்த இடத்தில் ஒரு பக்கம் சொரசொரப்பாக, பிய்ந்த ரொட்டிபோல இருந்தது. மறுபக்கம் வழுவழுப்பு. அதில் அலை விட்டுப்போன ஈர மணலைப்போல மெல்லிய கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து சின்னதாகிக்கொண்டே போயின. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் குழாயின் விளிம்பு பிறைபோலக் குழிந்திருந்தது. இன்னொரு துண்டை எடுத்துப் பொருத்தினாள். இரண்டு பிறையும் சேர்ந்து வட்டமான ஓர் ஓட்டை ஆனது.

"உங்க ஒட்டுல ஒண்ணும் இல்லை. இங்க யாரோ ட்ரில் போட்டிருக்காங்க. இந்த ஓட்டையிலதான் கீறல் ஆரம்பிச்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்கா ஓடியிருக்கு. மிச்சம் இருந்த இந்தச் சொரசொரப்புதான் அன்னைக்கு ஒரேயடியா போயிருக்கு."

யாரோ இல்லை. வண்டியின் முன்னால் வைத்த பார்சல் பெட்டிக்கு முட்டுக் கொடுக்கச் சுண்டெலியேதான் அங்கே ஒரு திருகு ஏற்றியிருந்தான். அந்தப் பெட்டியை இருவரும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அது எதில் நிற்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

நான் சட்டையை மாட்டினேன். "வா, இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பார்க்கற பார்வை உனக்குத் தெரியலையா?"

"தெரியுது. ஆனா அவன் வாயைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. பதில் சொல்ல முடியாதவன் முன்னால போய்க் குத்தம் சொல்லக்கூடாது. கம்பியை எடுக்கட்டும்."

"அதுவரைக்கும் நான் மட்டும் பதில் சொல்லாம நிக்கணுமா?"

"நீங்க தாங்குவீங்க."

"அது எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா என்னைத் தாங்கறீங்களே" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

கம்பி எடுக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதமும் வாரம் தவறாமல் அவனைப் பார்க்கப் போனோம். அவன் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுப்பாள், நாற்காலி போடுவாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். சொந்தக்காரர் ஒருவர், "கையில சுத்தம் இருக்கணும்பா" என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் என் மனைவியைப் பார்ப்பேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைவிட அவளுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் வாயை மூடிக்கொண்டதோடு சரி. அவளுக்குத் தம்பி ஒருபக்கம், நான் ஒருபக்கம்.

கம்பியை எடுத்த வாரம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சுண்டெலி மெதுவாக மென்றுகொண்டிருந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து, சேர்த்து, அவன் முன்னால் வைத்தாள்.

"இந்த ஓட்டையை யாருடா போட்டது?"

அவன் குனிந்து பார்த்தான். ஓட்டையில் விரலை வைத்தான். "நான்தான்கா. பெட்டி ஆடிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து வீட்டுல ட்ரில் வாங்கி..." பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் முகம் மாறுவதை நான் பார்க்க விரும்பவில்லை. இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதனாலயா?"

"இதனாலதான்."

"மாமாவுக்கு இது முன்னாலேயே தெரியுமா?"

"மறுநாளே தெரியும்."

அவன் எச்சில் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டான். முன்பற்கள் இல்லாத வாயால் என்னவோ சொன்னான், ஒன்றும் புரியவில்லை. அவன் மனைவி எழுந்து சமையலறைக்குள் போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. யாரும் கேட்காமலேயே என் தட்டில் இன்னொரு தடவை சோற்றைக் குவித்தாள். "போதும்மா" என்றேன். "சாப்பிடுங்கண்ணா" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

"அவன்மேலயும் முழுத் தப்பு இல்லை" என்றாள் என் மனைவி. "ஓட்டை போடக்கூடாதுன்னு அவன்கிட்ட யார் சொன்னா? நான் சொன்னேனா, இவர் சொன்னாரா?"

அதோடு விட்டுவிடவில்லை. தொழிற்சாலையில் வேண்டுமென்றே ஓட்டை போட்ட ஃபிரேம்களை எந்திரத்தில் மாட்டி, வரிசையாக உடைத்து, மேலாளர் மேசைமேல் அடுக்கினாள். மேசையில் டீக்கோப்பை வைக்க இடமில்லாமல் போனபிறகு அவர் சம்மதித்தார். அதற்கப்புறம் எங்கள் அலுமினிய ஃபிரேம் ஒவ்வொன்றிலும் 'துளையிட வேண்டாம்' என்று ஒரு சின்ன ஒட்டுத்தாள் வந்தது. பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட ட்ரில் படம். கூடத்தில் அதற்குச் சுண்டெலித்தாள் என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு அதில் பெருமை. "என் பல்லைப் பிடுங்கித்தான் அந்த லேபிளை ஒட்டியிருக்காங்க" என்று பொய்ப்பல் தெரியச் சிரிப்பான்.

கடைசி வருஷங்களில் கார்பன் வந்தது. கறுப்பு நாரைப் பசையில் தோய்த்து அச்சில் வைத்து இறுக்குவது. அதில் ஒட்டுவதற்கு என்னைப்போன்றவனுக்கு எதுவும் இல்லை. வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும் என்று அவள் சொன்னாள். எங்கள் மகள் அப்படி ஒரு வண்டி வாங்கி வந்து காட்டினாள். ஏதோ கதவில் இடித்துவிட்டதாம், ஒன்றும் ஆகவில்லையாம். அவள் அம்மா ஒரு நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தாள். டிக், டிக், டிக், டொக்.

"என்னம்மா, தர்பூசணியா வாங்கப்போற?" என்று கேலி செய்த மகள், அந்த டொக்கைக் கேட்டதும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டாள். அன்று பஸ்ஸில்தான் திரும்பிப் போனாள்.

நாங்கள் ஓய்வு பெற்று இப்போது லிஃப்ட் உள்ள கட்டடத்தில் குடியிருக்கிறோம். மேல்வீட்டுத் துணி துவைக்கும் எந்திரம் சில நாள் காலையில் டக், டக், டக் என்று அடித்துக்கொள்ளும். இருவரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம். அது நின்றதும் அவள் சட்டென்று தலையைத் தூக்குவாள். பழக்கம்.

சென்ற மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து டைட்டானியத்தில் ஒரு தண்டு வைக்க வேண்டும் என்றார் டாக்டர், எங்கள் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. படம் போட்டு விளக்கினார். நான் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். இவள் படுக்கையிலிருந்தே கேட்டாள்:

"டைட்டானியத்துல நாங்களும் ஃபிரேம் பண்ணிப் பார்த்திருக்கோம், டாக்டர். துருப்பிடிக்காது, நல்லா உழைக்கும். இந்தத் தண்டை மாட்டறதுக்கு முன்னால நடக்க வெச்சுப் பார்ப்பீங்களா? எத்தனை அடி தாங்குது?"

டாக்டர் சிரித்தார். "லட்சக்கணக்குல பார்ப்பாங்கம்மா. உங்களை மாதிரி யாரோ ஒருத்தங்க எங்கேயோ உட்கார்ந்து அதை ஆட்டி உடைச்சுப் பார்த்திருப்பாங்க."

அதைக் கேட்டு அவளுக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அந்த முகம் தெரியாத ஆளைப் பற்றியே அன்று சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் வெளிச்சம் இருக்குமா, சத்தம் ராத்திரியில் கூடவே வருமா, பேச்சுத்துணைக்கு யாராவது வருவார்களா என்று. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "அழாதீங்க, யாராவது பார்க்கப்போறாங்க" என்று என்னைத்தான் அதட்டினாள்.

நேற்று முதன்முறையாகக் கைத்தடியோடு கீழே இறங்கி வந்தாள். நான் பக்கத்தில் கையை நீட்டியபடியே போனேன், அவள் பிடித்துக்கொள்ளவில்லை. மருந்துக் கடை வரைக்கும் போய், கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குது. நாளைக்கு அந்த முனை வரைக்கும் போலாம்" என்றாள்.